விக்கிப்பீடியாவில் இணைப்பு சிவப்பாகவே நிற்கிறது, யாரிடம் கேட்பது?

குளத்தங்கரை
வெள்ளி, இரவு 9.12

வணக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. சும்மா இருக்கப் பிடிக்காமல், பேரன் கணக்குத் தொடங்கிக் கொடுக்க, தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஆரம்பித்தேன். எங்கள் ஊா்க் குளத்தைப் பற்றி ஒரு கட்டுரை. ஊா் நாகா்கோவிலுக்குப் பக்கம். இப்போது மூன்று சங்கடம்.

ஒன்று, கட்டுரையில் நாகா்கோவில் என்று இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டு இணைப்புக் கொடுத்தால் சிவப்பாகவே நிற்கிறது. அந்த ஊருக்குக் கட்டுரை இல்லையோ என்றால், இருக்கிறது. கண்ணால் பாா்த்தேன். பத்து தடவை அழித்து எழுதியாயிற்று.

இரண்டு, எங்கள் பகுதி எழுத்தாளா் ஒருவரைப் பற்றிய கட்டுரையில் பிறந்த வருஷம் தப்பு. திருத்தலாம் என்று உள்ளே போனால் அந்த வருஷத்தையே காணோம். வெளியே தெரிகிறது, உள்ளே இல்லை. இது என்ன மாயம்?

மூன்றாவதுதான் மனசுக்குக் கஷ்டம். குளத்தைப் பற்றி எழுதியதில் முக்கால்வாசியை யாரோ எடுத்துவிட்டாா்கள். ஏன் என்று ஒரு வாா்த்தை சொல்லவில்லை. நான் சோ்த்த ஒவ்வொரு வரியும் உண்மை. கோயில் கும்பாபிஷேக மலரில் நானே எழுதி அச்சான விஷயம். யாரிடம் போய்க் கேட்பது? போன் நம்பா் ஏதும் உண்டா?

ஈசல்
வெள்ளி, இரவு 9.31

போன் நம்பரா! தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா, சிரித்துவிட்டேன்.

2019இல் குறும்படம் எடுக்கும் என் நண்பனைப் பற்றி அங்கே ஒரு கட்டுரை எழுதினேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியது. காலையில் எழுந்து பார்த்தால் இல்லை. அதிலிருந்து படிக்க மட்டும்தான் அந்தப் பக்கம் போகிறேன். நீங்களும் குளத்தை உங்கள் சொந்த வலைப்பூவில் எழுதுங்கள். யாரும் கை வைக்க மாட்டார்கள்.

வழிமாற்று
வெள்ளி, இரவு 10.05

போன் நம்பர் கிடையாது, ஆபீஸும் கிடையாது. அங்கே பதில் சொல்கிறவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு கணினி முன்னால் உட்காருகிறவர்கள். நானும் அப்படித்தான், பதினோரு வருஷமாக.

ஆனால் கேட்க இடம் இருக்கிறது. தொகுக்க, அதாவது கட்டுரையைத் திருத்தி எழுத, தெரியாமல் முழிக்கும்போது ‘ஒத்தாசைப் பக்கம்’. எல்லோரும் கூடிப் பேச வேண்டிய விஷயம் என்றால் ‘ஆலமரத்தடி’. (ஆங்கிலத்தில் அதற்கு ஊர்ப் பொதுப் பம்பு என்கிற மாதிரி ஒரு பெயர். நம்மவர்கள் அதை ஆலமரமாக்கியது எனக்கு ரொம்பப் பிடித்த மொழிபெயர்ப்பு.) ஒரு குறிப்பிட்ட கட்டுரைக்குள் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வி என்றால், முதலில் அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேட்பதுதான் முறை. எங்கே எழுதினாலும் கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போடுங்கள். சேமித்ததும் அது உங்கள் பெயராகவும் தேதியாகவும் மாறிக்கொள்ளும்.

எங்கே கேட்டாலும் திருப்பி வரும் முதல் கேள்வி ‘எந்தப் பக்கம்?’ என்பதுதான். கட்டுரைத் தலைப்பு, உங்கள் பயனர் பெயர், நீங்கள் என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது. இவ்வளவும் இருந்தால் பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிடும். ‘என் கட்டுரையைக் காணோம், நியாயமா?’ என்று மட்டும் எழுதினால் ஒரு வாரம் அப்படியே கிடக்கும். தலைப்பை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

குளத்தங்கரை
வெள்ளி, இரவு 10.20

அனுப்பியிருக்கிறேன் தம்பி. நான் கம்ப்யூட்டரில் டைப் செய்து, போனுக்கு அனுப்பி, பேரன் போட்டுத் தந்த விக்கிப்பீடியா செயலியில் ஒட்டுவேன். இங்கேயும் அப்படித்தான். மற்றபடி வரலாறு, பேச்சு என்று நீங்கள் சொல்வதெல்லாம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வழிமாற்று
வெள்ளி, இரவு 11.02

பார்த்துவிட்டேன் ஐயா. ‘ஒரு வார்த்தை சொல்லவில்லை’ என்பது சரியில்லை. உங்களுக்கு மூன்று தடவை எழுதியிருக்கிறார்கள்.

கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில், அந்த நீக்கத்துக்கு நேரே தொகுத்தல் சுருக்கம், அதாவது மாற்றியவர் எழுதும் ஒரு வரிக் குறிப்பு, இருக்கிறது: பதிப்புரிமை மீறல், பயனர் பேச்சு காண்க என்று. உங்கள் பயனர் பேச்சுப் பக்கத்துக்குப் போனால் முதலில் ‘வாருங்கள்’ என்று வரவேற்பு, அதில் மணல்தொட்டி (எழுதிப் பழகும் பக்கம்) முதல் ஒத்தாசைப் பக்கம் வரை எல்லா இணைப்பும் இருக்கிறது. அதற்குக் கீழே பதிப்புரிமை பற்றிய எச்சரிக்கை. மூன்றாவது, யாரோ உட்கார்ந்து கையால் எழுதியது: இதே வரிகள் கோயில் தளம் ஒன்றில் இருக்கின்றன, நீங்கள்தான் எழுதியவர் என்றால் சொல்லுங்கள், வழி இருக்கிறது என்று. அதற்கு நீங்கள் பதில் போடவில்லை. மறுநாள் அதே பத்திகளைத் திரும்ப ஒட்டியிருக்கிறீர்கள். அவர்கள் திரும்ப எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மேல் தப்புச் சொல்லவில்லை. செல்போனில் எழுதுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கணினியில் தளத்தைத் திறந்தால் மேலே மணிச் சின்னத்துக்குப் பக்கத்தில் எண் கண்ணைக் குத்தும். செயலியில் அது எங்கேயோ ஒளிந்திருக்கும். அங்கிருப்பவர் ‘இவர் பேச்சுக்கே பதில் சொல்லாத ஆள்’ என்று நினைப்பார். நீங்கள் ‘இவர்கள் பேசவே மாட்டார்கள்’ என்று நினைப்பீர்கள். நாளை காலையில் கணினி உலாவியிலேயே உள்நுழைந்து பாருங்கள்.

ஈசல்
வெள்ளி, இரவு 11.15

வார்ப்புரு என்கிற ஆயத்தச் செய்தியை ஒட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் பேசுவதா? சிவப்பு முக்கோணம், நாலு கொள்கைக்கு இணைப்பு, கீழே ஒரு கையெழுத்து. ஒவ்வொரு இணைப்பையும் திறந்தால் உள்ளே இன்னும் பத்து இணைப்பு. மெய்யறிதன்மை, குறிப்பிடத்தக்கமை, நடுநிலை நோக்கு. இந்தச் சொற்களைப் புரிந்துகொள்ளவே ஒரு அகராதி வேண்டும். அறுபது வயசுக்காரர் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் தன் ஊர்க் குளத்தைப் பற்றி எழுத வேண்டுமா?

வழிமாற்று
வெள்ளி, இரவு 11.40

பாதி ஒப்புக்கொள்கிறேன். முதல் நாளே எச்சரிக்கை வார்ப்புரு வாங்கியவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று எனக்கும் உறுத்தும். நான் இப்போதெல்லாம் புதியவர் என்று தெரிந்தால் வார்ப்புருவை விட்டுவிட்டு இரண்டு வரி எழுதுகிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2012இல் டீஹவுஸ் என்று ஒரு தனி இடமே திறந்தார்கள், புதியவர்களிடம் கொள்கைச் சுருக்கெழுத்தை வீசாமல் மரியாதையாகப் பதில் சொல்வதற்கு.

இன்னொரு பாதியையும் கேளுங்கள். பெரிய பத்தி ஒன்று மொத்தமாக வந்து விழுந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், அதற்குக் காரணம் இருக்கிறது. 2010 வாக்கில் கூகுள் மொழிபெயர்ப்புத் திட்டம் ஒன்றில், கூலிக்கு அமர்த்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றினார்கள். நீளநீளமான கட்டுரைகள், உள்ளே வாக்கியம் ஒன்றும் ஒட்டாது. அந்த அனுபவத்தை அதே ஆண்டு போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் உரையாகவே வைத்தார்கள். இப்போதுள்ள மொழிபெயர்ப்புக் கருவி, இயந்திரம் கொடுத்ததை நீங்கள் எவ்வளவு மாற்றினீர்கள் என்று கணக்குப் பார்த்து, மாற்றாமல் வெளியிடப் போனால் எச்சரிக்கிறது. சூடு கண்ட பூனைகள் நாங்கள்.

பனங்கொட்டை
சனி, காலை 6.50

நான் யாழ்ப்பாணம். அச்சகத்தோடு இருபது வருடப் பழக்கம், அதனால் மலர் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஐயா, நீங்கள் எழுதியது என்பது உண்மைதான். ஆனால் அங்கே எழுதியவரும் நீங்களும் ஒரே ஆள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பயனர் பெயருக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். தவிர மலரின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கோ, ‘உரிமை: விழாக் குழுவுக்கு’ என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். எழுதிய உங்களுக்கே அது நினைவிருக்காது.

விக்கிப்பீடியாவில் சேமி என்று அழுத்தினால், உங்கள் எழுத்தை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், புத்தகம் போட்டு விற்கக்கூடச் செய்யலாம் என்று சம்மதிக்கிறீர்கள். பெயர் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பது இதுதான். விழாக் குழுவுக்கு அது சம்மதமா? சம்மதம் என்றால் உரிமைக்காரர் மின்னஞ்சலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துப் பதிவு செய்யவே தன்னார்வலர் குழு ஒன்று இருக்கிறது. இல்லையென்றால் இலேசான வழி: மலரை மூடி வைத்துவிட்டு, அதே விஷயத்தைப் புதிதாக, சுருக்கமாக எழுதுங்கள். மலரை மேற்கோளாகக் காட்டுங்கள். தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய விதத்துக்குத்தான் உண்டு.

இன்னொன்று. மலர்களில் நாங்கள் எழுதும் தமிழ் வேறு. ‘அல்லி பூத்துச் சிரிக்க, அன்னை அருள்பாலிக்க’ என்று தொடங்குவோம். அது மலருக்கு அழகு, கலைக்களஞ்சியத்தில் நிற்காது.

குளத்தங்கரை
சனி, காலை 7.30

‘அல்லிக்கொடிகள் ஆனந்த நடனமிட’ என்றுதான் தொடங்கியிருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீா்கள்?

மலரை எடுத்துப் பாா்த்தேன். நீங்கள் சொன்ன வரி இருக்கிறது. சரி, புதிதாகவே எழுதுகிறேன். ஆனால் குளம் எப்போது வெட்டியது, எந்தக் கால்வாயிலிருந்து தண்ணீா், மடை எத்தனை என்பதெல்லாம் எனக்கு எங்கள் தாத்தா சொல்லித் தெரியும். அதை எழுதலாமா?

வழிமாற்று
சனி, காலை 8.15

தாத்தா சொன்னதை அப்படியே எழுத முடியாது, அதற்குச் சொந்த ஆய்வு என்று பெயர். அவர் சொன்னது பொய் என்று அர்த்தமில்லை, படிக்கிறவர் சரிபார்க்க முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் மாவட்டத்துக்கு எழுத்துச் சான்று நிறைய. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தீர்கள், அதற்கு முன் திருவிதாங்கூர். பலர் சென்னை மாகாண ஆவணங்களைத் தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். தேட வேண்டியது அந்தப் பக்கம். நாகம் ஐயா 1906இல் தொகுத்த திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலில் நீர்ப்பாசனம் தனியாக வரும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று வட்டம் வட்டமாகத் தேடுங்கள். 1940இல் வேலுப்பிள்ளை எழுதிய மேனுவலும் இருக்கிறது. குளக்கரையில் கல்வெட்டு இருந்தால் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அருகில் உள்ள சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதி 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. உங்கள் குளம் அந்த ஈரநிலத்தின் கால்வாய் வழியில் வருமானால் அந்த அறிக்கைகளிலும் பெயர் இருக்கலாம்.

ஏழாம்நம்பர்
சனி, காலை 9.40

அந்தப் பிறந்த வருஷ மாயத்தை யாருமே தொடவில்லையே. நான் சொல்கிறேன்.

கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவல் பெட்டியில் தெரிவது எல்லாம் அந்தக் கட்டுரைக்குள் இருக்க வேண்டும் என்பதில்லை. சில பெட்டிகள் விக்கித்தரவிலிருந்து இழுத்துக்கொள்ளும். 2012இல் தொடங்கிய தனித் தளம் அது, எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான பெட்டகம். கட்டுரைப் பக்கத்தில் கருவிகள் பட்டியலில் ‘விக்கித்தரவு உருப்படி’ என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் திறந்து ‘பிறந்த தேதி’க்குப் போங்கள். தப்பான வருஷம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

திருத்தும்போது கையோடு சான்றையும் சேருங்கள், இல்லையென்றால் இன்னொரு மொழிக்காரர் பழையபடி மாற்றுவார். திருத்திய பிறகும் தமிழ்ப் பக்கத்தில் பழையதே தெரிந்தால் பதற வேண்டாம். கட்டுரையைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒரு தடவை சேமித்தால் புதுசு வந்துவிடும்.

இன்னும் ஒரு சங்கதி. கூகுளில் தேடினால் வலப்பக்கம் வரும் கட்டத்தில் தப்பான படம் இருந்தால் அதற்கு விக்கிப்பீடியாவில் மருந்து கிடையாது. ஒத்தாசைப் பக்கத்துக்கு வரும் பலர் அதைத்தான் கேட்கிறார்கள், பாவம். அந்தக் கட்டத்திலேயே ‘கருத்து’ என்று இருக்கும், அங்கே சொல்ல வேண்டும்.

புள்ளிமயங்கியல்
சனி, மதியம் 12.25

இவ்வளவு பேர் வந்து போயிருக்கிறீர்கள், முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நேற்றிலிருந்து அது எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. இப்போதுதான் பிடிபட்டது. விடை குளத்தங்கரை ஐயாவின் முதல் பதிவிலேயே இருக்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். இந்தப் பக்கத்தில் கன்ட்ரோல் எஃப் அழுத்தி ‘நாகர்கோவில்’ என்று தேடுங்கள். அவருடைய பதிவில் அந்தச் சொல் இரண்டு இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்றையும் காட்டாது.

ஏனென்றால் அவர் தட்டியது ‘ர்’ இல்லை, ‘ா்’. அதாவது ரகரத்துக்குப் புள்ளி வைக்கவில்லை, துணைக்காலுக்குப் புள்ளி வைத்திருக்கிறார். நாகா்கோவில், நாகர்கோவில். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாவதில் காலின் அடியில் சாய்ந்த கோடு ஒன்று இருக்கும், முதலாவதில் இருக்காது. பல எழுத்துருக்களில் அதுவும் தெரியாது. நம் கண்ணுக்கு ஒரே சொல். கணினிக்கு, அப்படி ஒரு ஊரே உலகத்தில் இல்லை. அதனால்தான் சிவப்பு. பத்து தடவை அழித்து எழுதினாலும் பத்து தடவையும் அதே விசையைத்தான் தட்டியிருப்பார்.

இதைவிட வேடிக்கை, ‘நான் சோ்த்த ஒவ்வொரு வரியும்’ என்று எழுதியிருக்கிறார். அது ‘சேர்த்த’ என்றுதான் இருக்க வேண்டும். ஏகாரக் கொம்புக்கு அடுத்து துணைக்கால் வந்ததும் கணினி இரண்டையும் சேர்த்து ஓகாரமாக்கிவிட்டது. சே என்பது சோ ஆகி, அதன் தலையில் ஒரு புள்ளி. ‘வேர்’ என்று இந்த முறையில் தட்டினால் ‘வோ்’ என்று வரும். இணையத்தில் எத்தனையோ செய்தித் தளங்களில் இதைப் பார்க்கலாம். ஒருவரும் கவனிப்பதில்லை.

ஐயா, ஒரு கேள்வி. நீங்கள் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவரா?

குளத்தங்கரை
சனி, மதியம் 1.50

லோயா், ஹையா் இரண்டும் பாஸ். 1983. அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் தமிழ் டைப்பிஸ்ட். எப்படித் தெரிந்தது?

புள்ளிமயங்கியல்
சனி, மதியம் 2.10

‘லோயா், ஹையா்’ என்று நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது!

தட்டச்சுப் பொறியில் துணைக்கால் விசையைத் தட்டி மேலே புள்ளி வைத்தால் காகிதத்தில் ‘ர்’ என்றுதான் விழும். அது தப்பே இல்லை. கையெழுத்திலும் நம் பெரியவர்கள் புள்ளி வைக்கும்போது ரகரத்தின் காலைச் சாய்த்து இழுக்க மாட்டார்கள். காகிதத்துக்கு வடிவம் மட்டும் போதும். கணினி வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்கிறது. துணைக்காலுக்கு ஒரு எண், ரகரத்துக்கு வேறு எண். உங்கள் விரல் நாற்பது வருஷமாகச் சரியாகத்தான் போகிறது, கீழே இருந்த பொறி மாறிவிட்டது.

தீர்வு: ரகர விசையைத் தேடிப் பிடித்து அதற்குப் புள்ளி வையுங்கள். பழசையெல்லாம் கணினியில் மூலத்தைத் தொகுக்கும் பெட்டியில் திறந்தால் மேலே தேடி மாற்றும் கருவி இருக்கும். ‘ா்’ என்பதைத் தேடி ‘ர்’ என்று மாற்றச் சொல்லுங்கள். ‘சோ்’, ‘வோ்’ மாதிரி உருமாறியதை மட்டும் கண்ணால் பார்த்துக் கையால் திருத்த வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. ஔவையார் என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவது ஒன்று, ‘ஒளவையார்’ என்று வரும், பார்க்க வித்தியாசமே தெரியாது. இன்னொன்று ஸ்ரீ. சில விசைப்பலகைகள் அதை ஸகரத்திலிருந்து கட்டும், சில ஶகரத்திலிருந்து. அதிலும் இணைப்பு சிவக்கும்.

செவிவழி
சனி, மாலை 4.05

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் மூலம்தான் எல்லாம் படிக்கிறேன். குளத்தங்கரை ஐயாவின் பதிவில் பாதிச் சொற்களை அது வாசித்தபோது எனக்குப் புரியவே இல்லை. ‘நாகா கோவில்’ என்கிற மாதிரி ஏதோ ஒரு ஊர் என்று நினைத்தேன். பார்வை உள்ளவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மதுரைவெயில்
சனி, இரவு 8.30

இழைக்குள் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு அதற்கும் முந்தின பிரச்சினை. தொகு அழுத்தினாலே ‘உங்கள் ஐபி முகவரி தடை செய்யப்பட்டுள்ளது’ என்று வருகிறது. நான் வாழ்க்கையில் ஒரு கமா கூட அங்கே மாற்றியதில்லை!

வழிமாற்று
சனி, இரவு 9.10

உங்களைத் தடுக்கவில்லை. செல்போன் இணையத்தில் ஒரே முகவரித் தொகுப்பை ஆயிரக்கணக்கானவர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒருவர் விஷமம் செய்தால் தொகுப்பு முழுக்கப் பூட்டு விழும். விபிஎன் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், அது அநேகமாகத் தடைதான். ஆப்பிள் போனில் பிரைவேட் ரிலே இருந்தால் அதையும். பெரும்பாலும் கணக்குத் தொடங்கி உள்நுழைந்தால் சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் தடைச் செய்தியை முழுசாகப் படித்து, அதில் இருக்கும் தடை எண்ணோடு ஐபி தடை விலக்குக் கேளுங்கள்.

மதுரைவெயில்
சனி, இரவு 9.25

விபிஎன்தான். கிரிக்கெட் பார்க்கப் போட்டது. நன்றி, நன்றி. அப்படியே இன்னொன்று. என் மாமா கம்பெனிக்கு விக்கிப்பீடியா பக்கம் போட்டுத் தருகிறோம், நாற்பதாயிரம் கொடுங்கள் என்று ஒருவர் போன் செய்கிறார். ‘நாங்கள் நிர்வாகி’ என்கிறார்.

ஏழாம்நம்பர்
சனி, இரவு 9.50

வைத்துவிடச் சொல்லுங்கள். நிர்வாகி யாரும் காசு கேட்டுப் போன் செய்ய மாட்டார். 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் இதே பிழைப்பு நடத்திய 381 கணக்குகளை ஒரே மூச்சில் தடை செய்தார்கள். நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, எழுதியவரைத் தேடிப் பிடித்து, காசு கொடுத்தால் ஏற்றித் தருகிறோம், மாதாமாதம் கொடுத்தால் அழியாமல் காப்பாற்றுகிறோம் என்று. காசு வாங்கி எழுதுவதே குற்றமில்லை, ஆனால் யாருக்காக, யார் காசில் என்று வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2014 முதல் தளத்தின் பயன்பாட்டு விதி.

ஈசல்
சனி, இரவு 10.30

சரி, எல்லோருக்கும் பதில் கிடைக்கிறது, நானும் கேட்டுவிடுகிறேன். அந்தக் குறும்பட நண்பன் கட்டுரை. ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் கையில் பிரதி கூட இல்லை. திரும்பக் கிடைக்குமா?

வழிமாற்று
சனி, இரவு 10.45

கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. நீக்கிய பக்கம் பொதுவில்தான் தெரியாது, நிர்வாகிகளால் பார்க்க முடியும். நீக்கல் பதிவில் தலைப்பைப் போட்டால் நீக்கியவர் பெயரும் காரணமும் வரும். பதிப்புரிமைச் சிக்கல் இல்லையென்றால், ‘என் பயனர் வெளிக்கு (உங்கள் பெயரின் கீழ் உள்ள சொந்தப் பக்கம்) நகர்த்தித் தாருங்கள்’ என்று அவர் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். கட்டுரையாக நிற்க வேண்டுமென்றால் நண்பரைப் பற்றி, நண்பரோ நீங்களோ அல்லாத யாராவது ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும். இரண்டு பத்திரிகைக் கட்டுரை இருந்தால் கூடப் பேசிப் பார்க்கலாம்.

ஈசல்
சனி, இரவு 10.52

பார்த்தேன். காரணம் ‘மேற்கோள் இல்லை, சுயவிளம்பரம்’ என்று இருக்கிறது. விளம்பரம் என்பதை இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேற்கோள் இல்லை என்பது வேண்டுமானால் உண்மை. கேட்டுப் பார்க்கிறேன்.

குளத்தங்கரை
ஞாயிறு, இரவு 8.40

இந்தப் பதிவை ரகர விசையில்தான் தட்டுகிறேன். விரல் பழைய இடத்துக்கே ஓடுகிறது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. செவிவழி, இனிமேல் என் எழுத்து உங்களுக்குச் சரியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சொல்லுங்கள்.

கணினியில் திறந்தேன். மணிக்குப் பக்கத்தில் மூன்று என்று இருந்தது. கையால் எழுதியிருந்தவருக்குப் பதில் போட்டேன், நான்கு அலைக்குறியோடு. ஒரு மணி நேரத்தில் மறுபதில் வந்தது. அவரும் குமரி மாவட்டம்தானாம், தோவாளைப் பக்கம்.

குளத்துக் கட்டுரையில் 64 இடத்தில் மாற்றினேன். சேமித்ததும் நாகர்கோவில் நீலமானது. பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் ‘இதுக்கா தாத்தா ரெண்டு நாள்?’ என்று போய்விட்டான். பிறந்த வருஷத்தையும் விக்கித்தரவில் சரிசெய்தாயிற்று. மேனுவலை இறக்கி வைத்திருக்கிறேன், எங்கள் கால்வாயின் பெயர் வரை வந்திருக்கிறது. குளத்தின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அல்லிக்கொடிகளை எடுத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு விஷயம். தளத்தின் தேடல் பெட்டியில் ‘அவா்கள்’ என்று என் பழைய முறையில் தட்டிப் பார்த்தேன். வேறு பலர் எழுதிய கட்டுரைகள் வரிசையாக வருகின்றன. எல்லோரும் என் காலத்து டைப்பிஸ்டுகளாக இருக்க வேண்டும். சும்மா இருக்க மனசில்லாமல் இன்று மத்தியானம் 11 கட்டுரை திருத்தினேன்.

புள்ளிமயங்கியல்
ஞாயிறு, இரவு 9.05

அருமை ஐயா! ஒவ்வொன்றுக்கும் தொகுத்தல் சுருக்கத்தில் ‘துணைக்கால் பிழை திருத்தம்’ என்று எழுதிவிடுங்கள். மறந்துவிட்டால், அந்தப் பதினொன்றில் யாராவது ஒருவர் நாளை இங்கே வந்து போன் நம்பர் கேட்பார்.